வராத வகுப்புக்கும் ஃபீஸ் வாங்கலாமா? தாராளமா வாங்கலாம்!



ஒரு நிமிஷம் இப்படி யோசிச்சுப் பாருங்க. இந்த மாசம் நீங்க ரெண்டு நாள் கேஷுவல் லீவு போட்டீங்க. பொங்கலுக்கு ஆபீஸே மூணு நாள் மூடியிருந்தது. மாசக் கடைசியில பார்த்தா அஞ்சு நாள் சம்பளம் குறையுது. ஹெச்.ஆர்.கிட்ட போய்க் கேட்டா, "அந்த அஞ்சு நாளும் வேலையே நடக்கலையே, அப்புறம் எதுக்குச் சம்பளம்?"னு கேட்கிறாங்க. ஒத்துக்குவீங்களா? அன்னிக்கே லிங்க்ட்இன்ல வேற வேலை தேட ஆரம்பிச்சிருவீங்க!

ஆனா இதையேதான் நம்ம தெருவுல பாட்டு, கீபோர்டு, வயலின் சொல்லித் தர்ற டீச்சருக்கு நாம மாசா மாசம் செய்யுறோம். "இந்த வாரம் பாப்பாவுக்குச் சளி மிஸ், அந்த கிளாஸைக் கழிச்சுக்கோங்க." "மார்ச்ல எக்ஸாம், ஏப்ரல்ல ஊருக்குப் போறோம், ஜூன்ல வர்றோம்." கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். வாங்கிக்கிற இடத்துல உட்கார்ந்து பார்த்தாதான் வலி தெரியும்.

இந்தப் பதிவு ரெண்டு வகை ஆட்களுக்கு. ஒண்ணு, வார நாள்ல ஆபீஸ் போய்ட்டு சனி, ஞாயிறுல இசை வகுப்பு எடுக்கிறவங்க, இல்ல எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்க. இன்னொண்ணு, அந்த வகுப்புக்குப் பணம் கட்டுறவங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இசை வகுப்புக்கு வாங்குற ஃபீஸ், நடந்த வகுப்புக்கான கூலி இல்ல. உங்களுக்காக ஒதுக்கி வச்ச நேரத்துக்கான கட்டணம். அதை மாசா மாசம் ஒரே தொகையா, முன்கூட்டியே வாங்கணும். அதை எழுதிக் கொடுக்கணும். ஆனா அந்த விதிக்குள்ள இரக்கத்துக்கும் ஒரு இடம் இருக்கணும். இந்தக் கடைசி வரியை நான் தப்புப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன். அதையும் சொல்றேன்.

அக்காவோட நோட்டுப் புத்தகம்

என் அக்கா தாம்பரம் பக்கத்துல வீட்டுலயே வாய்ப்பாட்டும் கீபோர்டும் சொல்லித் தர்றாங்க. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ்வளவு நாளும் அது வீட்டுல "கைச்செலவுக்கு ஆகும்"ங்கிற கணக்குலதான் இருந்தது. மாமா சம்பளம் இருந்ததால யாரும் அதை வருமானம்னே நினைக்கல. நானும்தான். மத்தவங்களுக்கு பட்ஜெட் பாடம் எடுக்கிற நான், சொந்த அக்காவோட கணக்கை ஒரு தடவைகூட கேட்டதில்ல.

ஒரு ஏப்ரல் மாசம் மாமா கம்பெனியில ஆட்குறைப்பு. அந்த மாசம் அக்கா வகுப்புல இருந்து வந்த பணம் 8,400 ரூபாய். வீட்டு வாடகை 13,000. அன்னிக்கு ராத்திரி அக்கா போன் பண்ணி, "டேய், எனக்கு இருபது பசங்க இருக்காங்க. ஆனா கையில காசே நிக்கல. எங்க போகுதுன்னு நீயே வந்து பாரு"ன்னாங்க.

போனேன். கோடு போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு. எல்லா வகுப்பும் தேதியோட எழுதியிருந்தது, அந்த விஷயத்துல அக்கா கில்லாடி. ஒரு வகுப்புக்கு 300 ரூபாய், மாசக் கடைசியில வந்த வகுப்பை எண்ணி வாங்கிக்கிறது. இதுதான் முறை. ஒரு வருஷக் கணக்கை எக்செல்ல ஏத்தினேன். வந்த கணக்கு இதுதான்:

- 20 பேர், வாரம் ஒரு வகுப்பு, வருஷத்துக்கு 48 வாரம்: மொத்தம் 960 வகுப்பு. வந்திருக்க வேண்டியது 2,88,000 ரூபாய்.
- பசங்க வராம ரத்தானது 210 வகுப்பு: 63,000 ரூபாய் போச்சு.
- ஏப்ரல், மே லீவுக்கு எட்டுப் பேர் ரெண்டு மாசம் முழுசா நின்னது 64 வகுப்பு: 19,200 ரூபாய் போச்சு.
- வகுப்பு நடந்தும் பணம் வராதது 41 வகுப்பு: 12,300 ரூபாய் போச்சு.

போனது மொத்தம் 94,500 ரூபாய். கைக்கு வந்தது 1,93,500. மாசத்துக்கு 16,125.

மூணுல ஒரு பங்கு காணோம், நண்பர்களே! பன்னிரண்டு மாசம் வேலை பார்த்துட்டு எட்டு மாசச் சம்பளம் வாங்குற மாதிரி. இதுல "ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்லக்கூடியது அந்தக் கடைசி 12,300 மட்டும்தான். மிச்ச 82,200 ரூபாயை யாரும் ஏமாத்தல. அக்காவோட முறையே அதை வெளியே விட்டிருக்கு.

காலி சீட்டை மறுநாள் விக்க முடியாது

ஒரு ஆம்னி பஸ் ராத்திரி பத்து மணிக்குக் கோயம்பேட்டுல இருந்தோ கிளாம்பாக்கத்துல இருந்தோ கிளம்புது. பதினஞ்சாம் நம்பர் சீட் காலியாப் போச்சுன்னா, அந்தப் பணம் போனது போனதுதான். மறுநாள் அதே சீட்டுல ரெண்டு பேரை உட்கார வைக்க முடியாது. அதனாலதான் நீங்க டிக்கெட் எடுத்துட்டுப் போகலைன்னா பஸ்காரர் முழுப் பணத்தையும் திருப்பித் தர்றதில்ல.

டீச்சரோட சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியும் அதே மாதிரி ஒரு சீட். உங்க பையனுக்குன்னு அதை ஒதுக்கினப்பவே, "அஞ்சு மணி கிடைக்குமா மிஸ்?"னு கேட்ட இன்னொரு அம்மாவை அக்கா இல்லைன்னு அனுப்பிட்டாங்க. நாலரை மணிக்கு "இன்னிக்கு வரல மிஸ்"னு வாட்ஸ்அப் வந்தா, அந்த முக்கால் மணி நேரத்தை வேற யாருக்கும் விக்க முடியாது. அக்கா அந்த நேரத்துக்குத் தலை சீவி, கூடத்தைப் பெருக்கி, பாயைப் போட்டு உட்கார்ந்துதான் இருப்பாங்க.

அதுவும் பள்ளிக்கூடப் பசங்களை வச்சு நடக்கிற தொழில்ல நல்ல நேரமே கொஞ்சம்தான். வார நாள்ல சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டு. சனி, ஞாயிறு. அவ்வளவுதான். காலைல பதினோரு மணிக்கு அக்கா சும்மாதான் இருக்காங்க, ஆனா எந்தப் பிள்ளை வரும்? இருக்கிறதே வாரத்துக்கு இருபது, இருபத்தஞ்சு ஸ்லாட். அதுதான் அவங்களோட மொத்தச் சரக்கு.

"அப்போ போன வகுப்பை வேற நாள்ல ஈடு பண்ணிட வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. பழைய முறையில அக்கா அதையும் பண்ணிப் பார்த்தாங்க. வருஷத்துக்கு 210 ரத்து. எல்லாத்தையும் ஈடு கட்டினா 210 முக்கால் மணி நேரம். அதாவது 157 மணி நேரம் எக்ஸ்ட்ரா வேலை, எக்ஸ்ட்ரா காசு இல்லாம. அவங்களுக்கும் வீடு, பிள்ளை, சமையல் எல்லாம் இருக்குல்ல?

விதி போட்டேன், ஒரு பிள்ளையை இழந்தேன்

கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சூடு ஏறிடுச்சு. அன்னிக்கே லேப்டாப்பைத் திறந்து பதினொரு விதி எழுதினேன். மாசம் 1,200 ரூபாய், வந்தாலும் வராட்டியும். அஞ்சாம் தேதிக்குள்ள கட்டணும். தாண்டினா நாளைக்கு 50 ரூபாய் அபராதம். ஆபீஸ்ல பாலிசி டாக்குமெண்ட் படிச்சுப் படிச்சு அதே பாஷைதான் கையில வந்தது. அக்கா படிச்சுட்டு, "ரொம்பக் கறாரா இருக்கேடா"ன்னாங்க. "பிசினஸ்னா அப்படித்தான்க்கா"ன்னேன்.

ஜூன்ல நடைமுறைக்கு வந்தது. மூணு பேர் உடனே நின்னாங்க. அதுல ரெண்டு பேர் மாசத்துல பாதி வகுப்பு ரத்து பண்றவங்க. இன்னொருத்தர் வீட்டுக்குப் பக்கத்துலயே வேற வகுப்புக்குப் போயிட்டார். அதெல்லாம் பரவாயில்ல.

நாலாவது ஆள் விஷயம்தான் இன்னிக்கும் உறுத்துது. மூணு வருஷமா பாட்டுக் கத்துக்கிட்ட ஒரு பொண்ணு, வர்ணம் ஆரம்பிச்சிருந்தா. அம்மா ரெண்டு வீட்டுல சமையல் வேலை பார்க்கிறாங்க. அவங்களுக்குச் சம்பளம் வர்றதே பத்தாம் தேதிக்கு மேலதான். பழைய முறையில மாசக் கடைசியில கொடுத்துட்டிருந்ததால பிரச்சினையே வரல. ஜூன் 11ஆம் தேதி அந்த அம்மா ஒரு கவரைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. உள்ளே 1,500 ரூபாய். ஃபீஸ் 1,200, ஆறு நாள் அபராதம் 300.

அக்கா பதறிப் போய் அந்த 300ஐத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாங்க. அந்த அம்மா வாங்கிக்கல. "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே மிஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஜூலைல இருந்து பொண்ணு வரல. அக்கா ரெண்டு தடவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாங்க. "படிப்பு அதிகமாயிடுச்சு மிஸ்"னு பதில். அவ்வளவுதான்.

மூணு வருஷம் ஒழுங்கா வந்த பிள்ளை. ஒரு நாள்கூட பணம் பாக்கி வைக்காத குடும்பம். நான் அபராதம் போட்டது மறந்துபோய்த் தாமதமா கட்டுறவங்களுக்காக. வலிச்சது மறக்காம தாமதமா கட்டினவங்களுக்கு. மறக்கிறவங்களுக்கு 50 ரூபாய் ஒரு காபிக் காசு.

ஒரு விஷயம் மட்டும் மறைக்காம சொல்லணும். கணக்கா பார்த்தா அந்தப் புது முறை ஜெயிச்சிருந்தது. ரெண்டு மாசத்துல 20 பேர் 16 பேர் ஆனாங்க. ஆனா 16 பேர், ஆளுக்கு 1,200, மாசம் 19,200. பழைய சராசரியை விட 3,075 ரூபாய் அதிகம், வாரத்துக்கு மூணு மணி நேரம் வேலை கம்மி. முக்கியமா, மாசத் தொடக்கத்துலயே வாடகைப் பணம் கையில. மாமாவுக்கு வேலை கிடைக்க ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசமும் வாடகை அக்கா வகுப்புல இருந்துதான் போச்சு.

அதனால முன்பணமும் ஒரே தொகையும் சரிதான். அபராதம்தான் தப்பு. அந்த ஆகஸ்ட்ல நானும் அக்காவும் உட்கார்ந்து பதினொரு விதியை ஏழாக் குறைச்சோம்.

இப்போ இருக்கிற ஏழு விதி

நீங்க வகுப்பு எடுக்கிறவரா இருந்தா இதை அப்படியே எடுத்து உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்.

1. வருஷத்துக்கு 48 வகுப்பு, பன்னிரண்டு சம மாசம். வருஷத்துக்கு 52 வாரம். அதுல பொங்கல் வாரம், தீபாவளி வாரம், மே மாசத்துல ரெண்டு வாரம் லீவு. மிச்சம் 48. அதைப் பன்னிரண்டால வகுத்தா மாசம் நாலு. சில மாசத்துல அஞ்சு சனிக்கிழமை வரும், அதுக்குத் தனியா பணம் இல்ல. பொங்கல் மாசத்துல மூணு வகுப்புதான் வரும், அதுக்குக் கழிவும் இல்ல. "இந்த மாசம் மூணுதானே மிஸ்?"ங்கிற பேச்சு இதோட முடிஞ்சது. எனக்குத் தெரிஞ்சு இந்த ஏழுலயும் பெரிய விதி இதுதான்.

2. முன்பணம், ஆனா தேதி உங்க சம்பளத் தேதி. ஒண்ணாம் தேதி, அஞ்சாம் தேதி, பன்னிரண்டாம் தேதி, எது சவுகரியம்னு சேரும்போதே கேட்டு எழுதிக்கிறாங்க. அபராதம் கிடையாது. தேதி தாண்டினா ஒரு வாட்ஸ்அப், ஒரு வாரம் தாண்டினா அக்காவே போன் பண்ணுவாங்க. ஒரு மாசம் முழுசா தாண்டி, பேச்சும் இல்லைன்னா, அந்த நேரம் அடுத்து காத்திருக்கிறவருக்கு.

3. நீங்க வரலைன்னா ஒரு வழி உண்டு. முந்தின நாளே சொன்னா, மாசத்துல கடைசி ஞாயிறு காலைல ஒரு பொது வகுப்பு நடக்கும், அதுக்கு வரலாம். நாலஞ்சு பேர் சேர்ந்து பாடுவாங்க. தனித்தனியா ஈடு வகுப்பு கிடையாது. லேசான சளி, ஊர்ல இருக்கோம்னா அதே நேரத்துல வீடியோ கால்ல வகுப்பு. அன்னிக்கு மத்தியானம் சொன்னா எதுவும் கிடையாது, அந்த வகுப்பு முடிஞ்சதாக் கணக்கு.

4. டீச்சர் வரலைன்னா முழுப் பொறுப்பு டீச்சருக்கு. அக்காவுக்குக் காய்ச்சல், வீட்டுல விசேஷம்னா அந்த வகுப்பைக் கட்டாயம் ஈடு பண்ணணும், இல்ல அடுத்த மாசம் கழிக்கணும். இது இல்லாத விதிப்பட்டியல் ஒருதலைப்பட்சம். பெற்றோர் மத்த விதிகளை ஏத்துக்கிட்டதே இந்த நாலாவதைப் பார்த்துத்தான்னு நான் நினைக்கிறேன்.

5. நீண்ட லீவுக்குப் பாதிக் கட்டணம், இல்ல இடத்தை விட்டுடலாம். மே மாசம் முழுக்க ஊர்ல இருப்பாங்கன்னா 600 ரூபாய் கட்டி அதே நேரத்தைத் தக்க வச்சுக்கலாம். வேண்டாம்னா தாராளமா நின்னுக்கலாம், ஜூன்ல எந்த நேரம் காலியோ அது கிடைக்கும். ஆஸ்பத்திரி, வீட்டுல துக்கம்னா இந்த விதியே கிடையாது, பணம் எதுவும் வேண்டாம்.

6. ஃபீஸ் ஏத்துறது ஜூன்ல மட்டும், ஏப்ரல்லயே சொல்லிடணும். பல டீச்சர்கள் கூச்சப்பட்டு அஞ்சு வருஷம் ஏத்த மாட்டாங்க, அப்புறம் ஒரே அடியா 500 ஏத்துவாங்க, பாதிப் பேர் ஓடிடுவாங்க. உங்களுக்கு ஆபீஸ்ல வருஷா வருஷம் இன்க்ரிமெண்ட் வருதுல்ல? அதே மாதிரி சின்னச் சின்னதா, சொல்லிட்டு ஏத்துங்க. நிக்கிறதா இருந்தா பெற்றோரும் ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்.

7. ரெண்டு சலுகை இடம். இதை வெளிப்படையா எல்லாருக்கும் அனுப்புற தாள்லயே எழுதியிருக்கோம்: "ரெண்டு இடங்கள் பாதிக் கட்டணத்தில். தேவைப்பட்டால் டீச்சரிடம் தனியாகச் சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டோம்." முன்னாடி அக்கா மனசுக்குள்ள வச்சு ஏழெட்டுப் பேருக்கு விட்டுக் கொடுத்துட்டிருந்தாங்க. அதுல பாதிப் பேருக்குத் தேவையே இல்ல, பேரம் பேசத் தெரிஞ்சவங்க. தேவை இருந்த அந்த ஒரு அம்மாவுக்குக் கேட்கத் தெரியல. எழுதி வச்சா கேட்கிறது சுலபம்.

இன்னிக்கு அக்காகிட்ட 18 பேர். 16 பேர் முழுக் கட்டணம், ரெண்டு பேர் பாதி. மாசம் 20,400 ரூபாய்.

கீபோர்டு, கிட்டார் சொல்லித் தர்றவங்களுக்குக் கூடுதலா ஒண்ணு. டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேடு தேர்வுக் கட்டணத்தை உங்க கைக்காசுல கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. அது பெற்றோர் கட்ட வேண்டியது. வகுப்பு ஃபீஸோட அதைக் கலக்கவும் கலக்காதீங்க, கணக்கு குழம்பிடும்.

"கலையைக் காசாக்கலாமா?"

இந்தத் தலைப்பைப் பத்தி வீடியோ போட்டா முதல் கமெண்டே இதுவாத்தான் இருக்கும். "அந்தக் காலத்துல குருகுலத்துல யாரு ஃபீஸ் கேட்டாங்க?"

கேட்கல, சரி. ஆனா குரு வீட்டுல அடுப்பு எப்படி எரிஞ்சது? யாரோ ஒருத்தர் பணம் கொடுத்துட்டுத்தான் இருந்தாங்க. தஞ்சை நால்வருக்கு மராட்டிய மன்னர் அரண்மனை இருந்தது. அவங்கள்ல வடிவேலுவுக்கு அப்புறம் திருவிதாங்கூர்ல சுவாதித் திருநாள் அரண்மனை இருந்தது. கோயில் நாகஸ்வரக்காரங்களுக்கு மானிய நிலம் இருந்தது. சீடனும் சும்மா கத்துக்கல. குரு வீட்டுலயே தங்கி, தண்ணி இறைச்சு, துணி துவைச்சு, வருஷக்கணக்கா உழைச்சுக் கொடுத்தான். பணமா கொடுக்கலைன்னா இலவசம்னு அர்த்தம் இல்ல.

அரண்மனை போச்சு, ஜமீன் போச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க? 1949ல அரசாங்கமே சென்னையில கர்நாடக இசைக் கல்லூரி ஆரம்பிச்சது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவ்வளவு பெரிய வித்வானே கல்லூரிப் பதவியில இருந்து சொல்லிக் கொடுத்தார், அதனால கலைக்கு ஒரு குறையும் வந்துடல. வீட்டுல சொல்லித் தர்ற உங்க தெரு டீச்சருக்கு மன்னரும் இல்ல, அரசாங்கச் சம்பளமும் இல்ல. வீட்டு ஓனர் தட்சிணையும் வெத்தலை பாக்கும் வாங்கிக்க மாட்டார். மின்சார வாரியமும்தான்.

விஜயதசமி அன்னிக்குத் தட்டுல பழம், பூ, வேட்டி சேலை வச்சுக் கும்பிடுறது நல்ல பழக்கம், செய்யுங்க. அது மரியாதை. ஃபீஸ் வேற. ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணைக் கழிக்கக் கூடாது.

சனி, ஞாயிறு டீச்சரா? இதைக் கவனிங்க

நம்ம வாசகர்கள்ல நிறையப் பேர் ஆபீஸ் வேலையோட வகுப்பும் எடுக்கிறீங்கன்னு தெரியும். உங்களுக்கு நாலு விஷயம்.

முதல்ல, அப்பாயின்ட்மெண்ட் லெட்டரை எடுத்துப் படிங்க. வேற வருமானம் தர்ற வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு பல கம்பெனிகள் எழுதியிருப்பாங்க. இசை வகுப்புத்தானேன்னு நினைக்காம, ஹெச்.ஆர்.க்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல அனுமதி வாங்கி வச்சுக்கோங்க.

ரெண்டாவது, வரி. ஜிபேல வந்தாலும் கையில வந்தாலும் வருமானம் வருமானம்தான். சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐ.டி.ஆர்.-1 படிவத்துல தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது. வகுப்பு வருமானம் தொழில் வருமானமா வந்தா படிவமே மாறும். கீபோர்டு ரிப்பேர், புத்தகம், வகுப்புக்குன்னு வாடகைக்கு எடுத்த இடம் மாதிரி செலவுகளுக்குப் பில் வச்சுக்கோங்க. டி.டி.எஸ். போக நீங்க கட்ட வேண்டிய வரி வருஷத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸும் உண்டு. ஒரு தடவை ஆடிட்டரைப் பார்த்துடுங்க, அந்தச் செலவு வீண் இல்ல.

மூணாவது, தனி பேங்க் அக்கவுண்ட். வகுப்புப் பணம் வர்ற யு.பி.ஐ. ஐடி அந்த அக்கவுண்ட்டோட மட்டும் இணைஞ்சிருக்கட்டும். சம்பள அக்கவுண்ட்ல கலந்தா, யாரு கட்டினாங்க, யாரு கட்டலைன்னே தெரியாது. அக்காவோட அந்த 12,300 அப்படித்தான் போச்சு.

நாலாவது, ரொம்ப முக்கியம். முன்பணம் வாங்கினா அது இன்னும் உங்க பணம் இல்ல. மூணு மாசத்துக்குச் சேர்த்து 3,600 கொடுத்தாங்கன்னா, அதுல 2,400 நீங்க இன்னும் நடத்தாத வகுப்போட கடன். உங்களுக்குத் திடீர்னு வேற ஊர் மாற்றல் வந்தா திருப்பிக் கொடுக்கணும். அதனால அந்தந்த மாசப் பங்கை மட்டும் எடுத்துச் செலவு பண்ணுங்க.

நீங்க பணம் கட்டுறவரா?

எஸ்.ஐ.பி. தேதியை மறக்கிறோமா? மறக்க மாட்டோம், பேங்கே எடுத்துக்கும். அதே மாதிரி டீச்சர் ஃபீஸுக்கும் பேங்க் ஆப்ல மாசாந்திரப் பணப் பரிமாற்றம் ஒண்ணு போட்டு வச்சிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. "மிஸ்கிட்ட கொடுத்துட்டோமா?"ன்னு நீங்க யோசிக்க வேண்டாம், "எப்படிக் கேட்கிறது?"ன்னு அவங்க கூச்சப்பட வேண்டாம்.

வராத வகுப்பைக் கழிக்கச் சொல்லிக் கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு நாலு நாள் ஸ்கூலுக்கு அனுப்பலைன்னா, ஸ்கூல் ஃபீஸ்ல நாலு நாளைக் கழிக்கச் சொல்லுவோமா? மாட்டோம். ஏன்? ஸ்கூல் பெரிய இடம், நாம கேட்டா கொடுக்காது. டீச்சர் சின்ன இடம், கேட்டா கொடுத்துடுவாங்க. கொடுக்கிறாங்கங்கிறதுக்காகக் கேட்கிறது நியாயம் ஆகிடுமா?

இந்த வாரம் செய்ய வேண்டியது

வகுப்பு எடுக்கிறவங்க போன வருஷ நோட்டை எடுங்க. ரத்தான வகுப்பு எத்தனை, அதுக்கு எவ்வளவு ரூபாய்னு ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிங்க. அதைப் பார்த்தா உங்களுக்கே விதி எழுதத் தோணும். எழுதினதும் பெற்றோருக்கு அனுப்ப அக்கா அனுப்பின செய்தி இது, வேணும்னா எடுத்துக்கோங்க:

"வணக்கம். வரும் ஜூன் முதல் வகுப்புக் கட்டணம் மாதம் ரூ.1,200. இது உங்கள் பிள்ளைக்காக நான் ஒதுக்கி வைக்கும் நேரத்துக்கான கட்டணம். ஆண்டுக்கு 48 வகுப்புகள். நான் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பை நிச்சயம் ஈடு செய்வேன். எந்தத் தேதியில் கட்டுவது உங்களுக்கு வசதி என்று சொல்லுங்கள். சிரமம் இருந்தால் தயங்காமல் என்னிடம் பேசுங்கள், வழி இருக்கிறது."

முதல் தடவை நான் எழுதினதுல அந்தக் கடைசி ரெண்டு வரியும் இல்ல. அது இருந்திருந்தா அந்தப் பொண்ணு இந்நேரம் கீர்த்தனை பாடிட்டிருந்திருப்பா.

அக்கா அந்த 300 ரூபாயை இன்னும் செலவு பண்ணல. அதே கவர்ல, அதே நோட்டுக்குள்ள வச்சிருக்காங்க.

நீங்க வகுப்பு எடுக்கிறவரா இருந்தா உங்க முறை என்னன்னு கமெண்ட்ல எழுதுங்க. பணம் கட்டுறவரா இருந்தா, உங்க டீச்சர் போட்ட விதியில எது நியாயம், எது நியாயம் இல்லைன்னு சொல்லுங்க. அடுத்த வீடியோல அதையெல்லாம் வச்சுப் பேசுவோம்.